கல்லடைப்பு என்று வந்தவர்

68 வயது ஆண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் கழிவறைக்குப் போன இடத்தில் கண் இருட்டி விழுந்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் தானே எழுந்து உட்கார்ந்தும்விட்டார். அதிலிருந்து இடது விலாவில் வலி. தொடை இடுக்கு வரை இழுக்கிறது. கேஷுவால்டிக்கு வரும்போது பி.பி. 124/80, நாடி 84. சிறுநீரில் சிவப்பணுக்கள் தெரிகின்றன. ஹீமோகுளோபின் 13.2. டூட்டி டாக்டர் சீட்டில் என்ன எழுதுவார்? இடது பக்கக் கல்லடைப்பு. டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி ஒன்று, சலைன் ஒரு பாட்டில், காலையில் வயிற்று ஸ்கேன்.

இந்தச் சீட்டில் முட்டாள்தனமான வரி என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. விலா வலி, தொடை இடுக்குக்கு இழுப்பது, சிறுநீரில் ரத்தம் எல்லாம் கல்லடைப்புக்குப் பாடநூலில் எழுதியபடியே பொருந்துகின்றன. பொருந்தாமல் நிற்பவை இரண்டுதான்: அவருடைய வயது, காலையில் வந்த மயக்கம். அந்த இரண்டையும் யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால், வயிற்றுப் பெருந்தமனியின் அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் போல உப்பிய இடம்) வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவர், வலி குறைந்துவிட்டது என்று சொல்லியபடி வார்டில் படுத்திருப்பார்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்டால், அறிகுறிகள் குறைவு என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அறிகுறிகள் நிறையவே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இதைவிடச் சாதாரணமான, தினமும் பார்க்கிற ஒரு நோய் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. காப்பாற்றக்கூடிய நோயாளி பார்க்க நன்றாக இருப்பார். பாடநூலில் உள்ளபடி வெளுத்து, வியர்த்து, பி.பி. விழுந்து, வயிற்றில் கட்டி துடிக்க வந்து சேருபவரைக் கண்டுபிடிக்க யாருக்கும் பெரிய திறமை தேவையில்லை. ஆனால் அதற்குள் நேரம் பெரும்பாலும் போயிருக்கும்.

ரத்தம் எங்கே போகிறது என்று தெரிந்தால் இது புரியும். பெருந்தமனி உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் வந்து, முதுகெலும்பின் முன்பக்கத்தை ஒட்டியே இறங்கி, தொப்புள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. சாதாரணமாக அதன் விட்டம் 2 செ.மீ. அளவில் இருக்கும். 3 செ.மீ. ஆனால் அனியூரிசம் என்று பெயர். பெரும்பாலானவை சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழேதான் உப்புகின்றன. வெடிக்கும்போது முன்சுவர் கிழிந்தால் ரத்தம் நேராக வயிற்றுக்குழிக்குள் கொட்டும். அங்கே அதைத் தடுத்து நிறுத்த எதுவும் கிடையாது, பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதில்லை. பின்சுவரோ இடது பக்கச் சுவரோ கிழிந்தால் கதை வேறு. ரத்தம் பெரிட்டோனியம் என்ற வயிற்று உள்ளுறைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசை ஓரமாக, சிறுநீரகத்தைச் சுற்றிப் பரவும். சுற்றியிருக்கும் திசுக்கள் நெருக்கிப் பிடிக்கும். பி.பி. இறங்கியதாலேயே கசிவு குறையும், கிழிசலின் வாயை உறைகட்டி அடைக்கும். விழுந்தவர் எழுந்து உட்கார்கிறார். அந்த இரண்டு நிமிட மயக்கம்தான் முதல் வெடிப்பு. 124/80 என்பது அணை தற்காலிகமாகத் தாங்கி நிற்கிறது என்பதன் அளவு. அணை எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

ஆஸ்பத்திரிவரை உயிரோடு வந்து சேருபவர்களில் அதிகம் பேர் இந்த இரண்டாவது வகை. ரத்தம் இடது பின்பக்கம் போவதால் வலியும் இடது விலாவில், இடுப்பில், முதுகில். கல்லடைப்பு வலி வரும் அதே இடம்.

வலி, தாழ்ந்த பி.பி., துடிக்கும் கட்டி என்ற மூன்றையும் சேர்த்து மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். 2014ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. வயிற்று வலி இருந்தவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காடு. அதிர்ச்சி நிலை 46. துடிக்கும் கட்டி 45. ஒவ்வொன்றும் தனித்தனியாகவே இவ்வளவுதான் என்றால், மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து வருவது எத்தனை அபூர்வம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் பார்வையில் வேறு நோய் என்று முடிவானது 42 விழுக்காடு பேருக்கு. அண்மைக் கால ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 32. முன்னதாக 1992ல் அமெரிக்காவில் 152 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் 30 விழுக்காடு தவறியிருந்தது. தவறாகச் சூட்டப்பட்ட பெயர்களில் முன்னால் நிற்பவை சிறுநீர்க்குழாய்க் கல்லும் மாரடைப்பும்.

சிறுநீரில் ரத்தம் இருந்தது என்பதால் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சிறுநீர்க்குழாய் அனியூரிசத்தின் பக்கத்திலேயே போகிறது. அதை ரத்தக்கட்டு உரசினாலோ அழுத்தினாலோ சிறுநீரில் சிவப்பணுக்கள் வரும். சிறுநீரகம் லேசாக வீங்கியும் தெரியலாம். ஆகவே சிறுநீரில் ரத்தம் இருக்கிறது, அதனால் அனியூரிசம் இல்லை என்று சொல்ல வழியில்லை. ஸ்கேனில் 3 மி.மீ. கல் ஒன்று கிடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சும்மா கிடக்கும் சின்னக் கல் வயதானவர்களிடம் சாதாரணம். கல் கிடைத்த திருப்தியில் ஸ்கேன் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஒரு கடுமையான விதியை வைத்துக்கொள்வது நல்லது: 60 வயது தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கல்லடைப்பு வலி வந்தால், பெருந்தமனியைக் கண்ணால் பார்க்கும்வரை அதைக் கல்லடைப்பு என்று எழுதக் கூடாது. கல்லடைப்பு முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் நடுவயதுக்குள். இதற்கு முன் இதே வலி பத்துத் தடவை வந்தவர் என்றால் அது வேறு கதை.

சிறுநீரகத்தைப் பார்க்க வைத்த அதே புரோபை (ஸ்கேன் கருவியில் உடம்பின் மேல் வைக்கும் முனை) நான்கு விரல் நடுப்பக்கம் நகர்த்தினால் பெருந்தமனி தெரியும். இதைச் செய்யாததற்கு ஒரே காரணம், ரெஃபரல் சீட்டில் ‘சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை’ என்று எழுதியிருப்பதுதான். சீட்டில் என்ன கேட்டார்களோ அதற்குத்தான் ரிப்போர்ட் வரும்.

இனி மற்ற வேடங்கள். கீழ் இடது வயிற்றில் வலி, தொட்டால் நோவு, வெள்ளணுக்கள் 15,000 என்றால் பெருங்குடலில் அழற்சி என்று தோன்றும். உடம்புக்குள் ரத்தம் கசிந்தாலே அந்த நெருக்கடியில் வெள்ளணுக்கள் ஏறும் என்பது மறந்துபோகும். முதுகுவலி, கூடவே இடது தொடையில் பலம் குறைகிறது என்றால் டிஸ்க் என்று எலும்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள்; சோவாஸ் தசைக்குள் பரவிய ரத்தம் தொடை நரம்பை நெருக்கினாலும் இதேதான் நடக்கும். விதைப்பையில் மட்டும் வலி என்று வருபவர்களும் உண்டு. விலாவிலும் தொப்புளைச் சுற்றியும் நீலம் பாரிப்பது பாடநூலில் பிரபலம், வார்டில் அபூர்வம். தெரிய ஒரு நாளாவது ஆகும் என்பதால் அதற்குக் காத்திருப்பதில் பொருளில்லை.

மாரடைப்பு வேடம்தான் ஆபத்தானது. வயதானவர், வியர்வை, மேல்வயிற்றில் வலி, இ.சி.ஜி.யில் எஸ்.டி. இறக்கம், அதாவது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் மாற்றம். இதயத் தமனிகள் ஏற்கெனவே குறுகியிருக்கும் ஒருவருக்கு ரத்தம் இழந்து பி.பி. விழுந்தாலே இதயத்துக்கு ஆக்சிஜன் போதாமல் இ.சி.ஜி. இப்படித்தான் மாறும். இதயத்தசை சேதத்தைக் காட்டும் டிராப்போனினும் உயரும். இ.சி.ஜி. பொய் சொல்லவில்லை; இதயம் உண்மையிலேயே திணறுகிறது. காரணம் மட்டும் ஒரு சாண் கீழே இருக்கிறது. அந்த நேரத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், ஹெப்பாரின் என்று வரிசையாகக் கொடுத்துவிட்டால் அணையை நம் கையாலேயே உடைப்பது போல. மார்பில் வலி இல்லாமல் வயிற்றிலோ முதுகிலோ மட்டும் வலி உள்ள ‘மாரடைப்பு’ என்றால், ரத்தம் நீர்க்கவைக்கும் மருந்துக்கு முன் ஒரு நிமிடம் வயிற்றில் புரோப் வைக்கலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு வேடமும் உண்டு. சிலருக்கு வெடிப்பு அப்படியே அடங்கி, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் ரத்தக்கட்டாகவே முதுகெலும்பின் முன்னால் உட்கார்ந்துவிடும். துடித்துத் துடித்து முள்ளெலும்பை அரிக்கும். முதுகுவலி, எடை குறைவு, எக்ஸ்-ரேயில் அரித்த எலும்பு, ஸ்கேனில் சோவாஸ் தசையில் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று வந்தால், காசநோய் மலிந்த நாட்டில் எல்லோருடைய கையும் முதுகெலும்புக் காசநோய் என்றே எழுதும். சீழ் என்று நினைத்து ஊசி போட்டு உறிஞ்சப் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஊசி போடும் முன் அந்தக் கட்டுக்குள் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று கலர் டாப்ளரிலோ, கான்ட்ராஸ்ட் (ரத்தநாளங்களைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும் மருந்து) கொடுத்து எடுக்கும் சி.டி.யிலோ பார்த்துவிட வேண்டும்.

அரிதான இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அனியூரிசம் பக்கத்தில் உள்ள கீழ்ப் பெருஞ்சிரைக்குள் திறந்துகொண்டால் வெளியே ரத்தமே கசியாது. மூச்சுத்திணறல், இரு கால் வீக்கம், வயிற்றில் ஸ்டெத் வைத்தால் ஓயாத இரைச்சல் என்று இதயச் செயலிழப்பு போல வரும். சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்துக்குள் திறந்தால் முதலில் கொஞ்சம் ரத்த வாந்தி, பிறகு சில மணி நேரமோ சில நாளோ அமைதி, பிறகு வெள்ளம். பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே போவது டியோடினத்தின் மூன்றாம் பகுதி. வழக்கமான எண்டோஸ்கோப்பி இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். ‘இரைப்பை சரியாக இருக்கிறது’ என்ற ரிப்போர்ட் இந்த இடத்தில் எதையும் விலக்குவதில்லை. முன்பே பெருந்தமனியில் செயற்கைக் குழாய் வைத்தவர் ரத்த வாந்தி எடுத்தால் முதல் சந்தேகமே இதுவாக இருக்க வேண்டும்.

வேடம் என்றதும் ஐன்ஸ்டைன் நினைவுக்கு வருகிறார். பல ஆண்டுகளாக விட்டுவிட்டு வந்த மேல்வயிற்று வலிக்காக 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிசன் அவருடைய வயிற்றைத் திறந்தார். பித்தப்பையில் கல் இல்லை. பெருந்தமனியில் பம்பளிமாசு அளவுக்கு அனியூரிசம் இருந்தது. வெட்டி எடுத்துக் குழாய் வைக்கும் முறை அப்போது இல்லை. பாரிஸில் ஷார்ல் துபோ அதைச் செய்தது 1951ல். நிசன் செய்தது செலஃபேன் தாளால் அனியூரிசத்தைச் சுற்றியது. அந்தத் தாள் திசுக்களை எரிச்சலூட்டி, சுற்றிலும் தழும்பை உண்டாக்கிச் சுவரைக் கெட்டியாக்கும் என்பது கணக்கு. ஆறு ஆண்டுக்கு மேல் அது தாங்கியது. 1955 ஏப்ரலில் அனியூரிசம் கசியத் தொடங்கியது. 15ஆம் தேதி பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 18ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். 76 வயது. அனியூரிசம் வெடிப்பு பித்தப்பை அழற்சியைப் போல வேடமிடுவதை மருத்துவ ஏடுகள் ‘ஐன்ஸ்டைன் குறி’ என்று குறிப்பிடுகின்றன. அந்தப் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் இருந்த நாட்கள். கசிவு தொடங்கிய ஒருவர், எந்தச் சிகிச்சையும் இல்லாமல், பேசிக்கொண்டு, தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, நாள்கணக்கில் இருந்திருக்கிறார்.

இது அவருக்கு மட்டும் வாய்த்ததில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில், வெடிப்பு உறுதியாகியும் பல காரணங்களால் அறுவை செய்யாமல் விடப்பட்ட 56 பேரைக் கணக்கெடுத்து 2004ல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்தவர்கள் 87.5 விழுக்காடு. சி.டி. எடுக்க நேரமில்லை என்ற பழைய பயத்தை உடைத்த கணக்கு இது. அதே கணக்கைத் திருப்பியும் படிக்கலாம்: ஆஸ்பத்திரிவரை வந்துவிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தை நாம் கல்லடைப்பு என்ற பெயரில் செலவழிக்கிறோம்.

கையால் தொட்டுப் பார்ப்பதை எவ்வளவு நம்பலாம்? தொப்புளுக்கு மேலே, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், முழங்காலை மடக்கவைத்து வயிற்றைத் தளர்த்தி, இரண்டு கைகளையும் இருபுறம் வைத்து அழுத்த வேண்டும். துடிப்பு விரல்களை மேலே மட்டும் தூக்கினால் அது கீழிருந்து கடத்தப்பட்டு வரும் துடிப்பு. ஒல்லியானவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விலக்கினால்தான் அனியூரிசம். 1999ல் தொகுத்த கணக்குப்படி 3 முதல் 3.9 செ.மீ. வரையுள்ள அனியூரிசங்களில் 29 விழுக்காடுதான் கைக்குத் தட்டுப்பட்டன. 4 முதல் 4.9 வரை பாதி, 5 செ.மீ.க்கு மேல் 76. அதுவும் வலி இல்லாத, பொறுமையாகப் படுத்திருக்கும் மனிதர்களிடம். வலியில் வயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பவரிடம், தொந்தி உள்ளவரிடம், பி.பி. குறைந்து துடிப்பே மங்கியவரிடம் அந்தக் கை இன்னும் குறைவாகத்தான் சொல்லும். தட்டுப்பட்டால் நம்பலாம், தட்டுப்படவில்லை என்பதை எழுதி வைப்பதில் பயன் குறைவு. தொடை நாடி இரு பக்கமும் சமமாக இருக்கிறது என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. நாடி வேறுபாடு பெருந்தமனியின் உட்சுவர் பிளவுக்கு உரிய குறி. அது வேறு நோய். அனியூரிசம் வெடித்தவருக்குத் தொடை நாடி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். முழு ரத்தமாக வெளியேறும்போது மீதி இருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறாது. உடம்பு நீரை இழுத்து நிரப்பிய பிறகுதான் அளவு இறங்கும். முதல் மணி நேரத்து 13.2க்கு ஒரு பொருளும் இல்லை. நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாது. வழக்கமாக 170 இருக்கும் பி.பி. காரருக்கு 110 என்பதே அதிர்ச்சி நிலை. ‘உங்களுக்கு எப்போதும் எவ்வளவு இருக்கும்?’ என்று கேட்காமல் மானிட்டரை மட்டும் பார்த்தால் அது இயல்பாகத்தான் தெரியும்.

ஆக, மிஞ்சுவது அல்ட்ராசவுண்ட். படுக்கை அருகே, இரண்டு மூன்று நிமிடத்தில், அனியூரிசம் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு ஏறக்குறைய தவறில்லாமல் பதில் சொல்லும் கருவி. வெடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. பெரிட்டோனியத்துக்குப் பின்னால் கிடக்கும் ரத்தம் அதில் சரியாகத் தெரியாது. விபத்தில் அடிபட்டவர்களுக்குச் செய்வது போல வயிற்றுக்குழியில் திரவம் தேடிவிட்டு ‘இல்லை’ என்று நிம்மதியடைவது இங்கே தப்பு. விடை இப்படி அமைய வேண்டும்: வலியோ மயக்கமோ உள்ளவர், கூடவே 3 செ.மீ.க்கு மேல் அனியூரிசம் என்றால், மறுக்கப்படும்வரை அது வெடிப்பு.

செய்முறையில் தவறுவது எங்கே என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி எல்லா இடத்திலும் வந்துவிட்டது, பயிற்சி வரவில்லை. வளைந்த முகம் கொண்ட வயிற்றுப் புரோப். நெஞ்செலும்பின் கீழ்முனைக்குக் கீழே குறுக்காக வைக்க வேண்டும். முதலில் தேடவேண்டியது தமனியை அல்ல, முள்ளெலும்பை: வெள்ளையாக ஒரு வளைவு, அதற்குப் பின்னால் கருநிழல். அந்த வளைவின் மேல் இரண்டு வட்டங்கள் உட்கார்ந்திருக்கும். நோயாளியின் இடப்பக்கம் பெருந்தமனி, வலப்பக்கம் கீழ்ப் பெருஞ்சிரை. எலும்பைத் தேடாமல் முதலில் துடிக்கிற குழாயைப் பிடிப்பவர்கள் சிரையைத் தமனி என்று அளந்துவிடுவார்கள். பக்கத்துத் தமனி இடிப்பதால் சிரையும் துடிப்பது போலத் தெரியும். மெல்ல அழுத்தினால் சிரை அமுங்கும், மூச்சோடு சுருங்கி விரியும். தமனி வட்டமாகவே நிற்கும்.

பிறகு புரோபை எடுக்காமல் கீழே கீழே நகர்த்தி, ஒரு வட்டம் இரண்டு வட்டமாகும் இடம் வரை வர வேண்டும். பாதியில் நிற்பதுதான் மிகச் சாதாரணமான பிழை. மேல்பகுதி நன்றாகத் தெரிந்தது, 2 செ.மீ., நார்மல் என்று எழுதிவிடுவார்கள். அனியூரிசம் இருப்பதோ தொப்புள் மட்டத்தில், வாயு மறைத்திருக்கும் இடத்தில். வாயுவுக்கு மருந்து, புரோபை ஒரே இடத்தில் சீராக அழுத்தி அரை நிமிடம் பொறுத்திருப்பது; குடல் விலகும். அப்படியும் தெரியாவிட்டால் நோயாளியை ஒருக்களிக்கவைத்து விலாப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். அப்போதும் முழு நீளமும் தெரியவில்லை என்றால் எழுதவேண்டியது ‘தெரியவில்லை’. ‘நார்மல்’ என்று எழுதக் கூடாது. இந்த ஒரு சொல்லால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

அளவெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அனியூரிசத்தின் உட்புறம் பழைய உறைகட்டி வளையமாகப் படிந்திருக்கும். திரையில் கறுப்பாகத் தெரியும் ரத்த ஓட்டப்பாதை 2.5 செ.மீ. மட்டுமே இருக்கும், சாம்பல் நிற வளையத்தையும் சேர்த்தால் 7. அவசரத்தில் கறுப்பை மட்டும் அளந்தால் நார்மல். வெளிச்சுவரிலிருந்து எதிர்ப்பக்க வெளிச்சுவர் வரை அளக்க வேண்டும். நீளவாட்டில் அளந்தால் குழாயின் நடுவே வெட்டாமல் ஓரமாக வெட்டிக் குறைவாகக் காட்டும் வாய்ப்புண்டு. வளைந்து நெளிந்த தமனியைக் குறுக்கே சாய்வாக வெட்டினால் அதிகமாகக் காட்டும். உயிர் காக்கும் நேரத்தில் 5.8ஆ 6.3ஆ என்பது முக்கியமே இல்லை. 2.5ஆ 7ஆ என்பதுதான் முக்கியம்.

அனியூரிசம் தெரிந்தது, நோயாளி பேசுகிறார் என்றால் அடுத்தது ரத்தநாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ. வாய்வழி கான்ட்ராஸ்ட் வேண்டாம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெருந்தமனியைச் சுற்றி, பெரிட்டோனியத்துக்குப் பின்னால் ரத்தக்கட்டு தெரிந்தால் கேள்வி முடிந்தது. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்திலேயே இது தெரியும். ஆகவே கல்லுக்காக எடுத்த சாதா சி.டி.யிலும் தமனியைப் பார்க்காமல் விடுவதற்குச் சாக்கு இல்லை. நுட்பமான குறிகளும் உண்டு: உறைகட்டிக்குள் பிறை வடிவில் வெண்மை, அதாவது புது ரத்தம் சுவரைக் கிழித்துக்கொண்டு போகிறது, சுவரில் வளையமாக இருந்த சுண்ணாம்புப் படிவு ஓரிடத்தில் அறுந்திருப்பது, பின்சுவர் முள்ளெலும்பின் மேல் துணி போர்த்தியது போலப் படிந்திருப்பது. கசிவே இல்லாமல் அனியூரிசம் மட்டும் இருந்து, வலிக்கு வேறு காரணமும் கிடைக்கவில்லை என்றாலும் வீட்டுக்கு அனுப்பும் நோயாளி அல்ல அவர். ‘5.5 ஆகவில்லையே’ என்பார்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ. என்ற எல்லை வலி இல்லாதவர்களுக்குத் திட்டமிட்டு அறுவை செய்ய வைத்த எல்லை. வலிக்கிற அனியூரிசத்துக்கு அந்த எல்லை செல்லாது.

கண்டுபிடித்த பிறகு கெடுப்பதற்கும் வழி இருக்கிறது. பி.பி. 80 என்று பார்த்ததும் இரண்டு பாட்டில் சலைனைத் திறந்துவிட்டு 130க்கு ஏற்றினால் அடைத்திருந்த உறைகட்டி பிய்த்துக்கொள்ளும். ரத்தம் நீர்த்து உறையும் தன்மையும் போகும். நோயாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்றால் மேல் அளவு 70 முதல் 90 வரை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கும் தரை உண்டு: 613 பேரை வைத்துப் பெரும்பாலும் பிரிட்டனில் நடந்த ‘இம்ப்ரூவ்’ ஆய்வில், ஒரு தடவையாவது 70க்குக் கீழே போனவர்களிடம் இறப்பு தெளிவாகவே அதிகமாக இருந்தது. இரண்டு கைகளிலும் பெரிய ஊசி, ரத்த வங்கிக்கு உடனே தகவல், வலிக்கு ஃபென்டனில் சிறு சிறு அளவில். கேஷுவால்டியிலேயே மயக்கம் கொடுத்துக் குழாய் போடுவதைத் தவிர்க்க வேண்டும். வயிற்றுத் தசை தளர்ந்ததும் வெளியிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்த பிடி போய்விடும். அறுவை அரங்கில், வயிற்றைச் சுத்தம் செய்து துணி போர்த்தி, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மயக்கம் தொடங்குவார்கள். தொடை வழியே ஸ்டென்ட் குழாய் வைக்கும் முறையை அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசியிலேயே செய்யலாம் என்பது அதன் பெரிய லாபம். அந்த வசதி இல்லாத ஆஸ்பத்திரி என்றால், ரத்தநாள அறுவை நிபுணரோடு பேசி அரை மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். மற்ற டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் பின்னால் வாட்ஸ்அப்பில் போகட்டும்.

யாரைச் சந்தேகிப்பது? புகைபிடித்த ஆண், 60 தாண்டியவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதே நோய் இருந்தவர், பி.பி. உள்ளவர். பீடி சிகரெட்தான் இதில் பெரிய குற்றவாளி. விட்டுப் பத்து வருடம் ஆனவரும் கணக்கில் வருவார். வினோதமாக, சர்க்கரை நோயாளிகளிடம் இது சற்றுக் குறைவு. பெண்களிடம் குறைவாக வருகிறது, ஆனால் வந்தால் ஆண்களைவிடச் சிறிய அளவிலேயே வெடிக்கிறது. ‘பெண்ணுக்கு வராது’ என்ற நினைப்பும் சேர்ந்து அவர்களைக் கூடுதலாகக் கைவிடுகிறது. இங்கிலாந்தில் ஆண்களுக்கு 65 வயது ஆனதும் அழைத்து ஒரு தடவை ஸ்கேன் செய்கிறார்கள். இந்தியாவில் அப்படித் தேசியத் திட்டம் எதுவும் இல்லை. தெற்காசிய வம்சாவளி ஆண்களிடம் இது வெள்ளையரைவிடக் குறைவு என்று பிரிட்டன் கணக்குகள் காட்டுகின்றன. அது உண்மைதான். ஆனால் நம்மூரில் வீட்டில் திடீரென்று விழுந்து இறந்த முதியவருக்கு யாரும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொல்லி எடுத்துவிடுகிறோம். கணக்கில் வராத ஒன்றை அபூர்வம் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்வது?

ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஸ்டென்ட் குழாயின் ஓரமாகக் கசிந்து பழைய பைக்குள் மறுபடி அழுத்தம் ஏறினால் அது வெடிக்கும். அப்படிப்பட்டவர் வயிற்று வலி என்று வந்தால் மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கேட்கவேண்டிய கேள்விகளில் பலரும் விட்டுவிடுவது பழைய ரிப்போர்ட் பற்றியது. நம் வீடுகளில் பெரியவர்களின் ரிப்போர்ட் எல்லாம் ஜவுளிக்கடைப் பையிலோ ஸ்கேன் சென்டர் கவரிலோ பீரோவின் மேல் கிடக்கும். கேஷுவால்டிக்கு வரும்போது மகனோ மருமகளோ அதையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் புரோஸ்டேட்டுக்காகவோ பித்தப்பைக்காகவோ எடுத்த ஸ்கேன் அதில் இருக்கும். கல்லீரல் நார்மல், மண்ணீரல் நார்மல் என்று போய்க்கொண்டிருக்கும் வரிகளுக்கு இடையில், பெருந்தமனி 4.1 செ.மீ., தொடர்ந்து கவனிக்கவும் என்று ஒரு வரி. கீழே ‘முடிவுரை’ பகுதியில் புரோஸ்டேட் வீக்கம் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.